வால்பகுதியில் கேட்ட சத்தம்

ஜோகுபாளையம், பெங்களூர் – 8
2.11.1993

அன்புள்ள தியோவுக்கு,

ஆண்டவர் தயவில் நான் சுகமாக இருக்கிறேன். மலைக்காற்றில் உனக்கும் மௌரீனுக்கும் சளி பிடிக்கவில்லையே? என் முழங்கால் பழையபடிதான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

போன திங்கட்கிழமை காலை உன் மாதிரிக் கப்பல் பழைய மெட்ராஸ் சாலை வழியாகப் போவதை முனையில் நின்று பார்த்தேன். முன்னால் போலீஸ் ஜீப், நடுவில் டிரெய்லர் லாரி, மேலே பச்சைத் தார்ப்பாய். பரம ரகசியம் என்று என்னிடம் சொன்னாய். டீக்கடையில் நின்ற ஒருவன் தன் கூட்டாளியிடம், "சப்மரீன் போவுது பாரு, பொம்ம சப்மரீன்" என்றான். இன்னொருவன் வெற்றிலை எச்சிலைத் தார்ப்பாயின் மேலேயே துப்பினான். ஐந்து வருடம் நீங்கள் எல்லாரும் உழைத்த பொருள் அது.

அப்பாதுரை அல்சூர் மூலை வரை லாரிக்குப் பின்னாலேயே நடந்து போனார். தகடு வளைப்பதில் இந்த வட்டாரத்தில் அவருக்கு நிகரில்லை என்று சொல்லி அவரை உன்னிடம் அனுப்பியது நான்தான். என் வார்த்தையைக் கெடுக்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை. அவர் மனைவி காந்தா மறுநாள் வாழைப்பழம் கொண்டுவந்து தந்தாள்.

நீ பத்து நாள் ஊரில் இருந்தும் என் வீட்டில் அரை மணிதான் உட்கார்ந்தாய். ஆயுத பூஜை விடுமுறையிலும் கப்பலைச் செய்த ஷெட்டில் வேலை என்றாய். விடுமுறையில் அங்கே என்ன வேலை என்று நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. போகட்டும்.

இரவில் கம்பளித் தொப்பி போட்டுக்கொள். மௌரீனுக்கு என் அன்பு.

ஜெபங்களுடன்,
அம்மா


முகாம்
19.11.1993

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு மௌரீன் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

இங்கே ஒரே ஒரு தொலைபேசி, காவலர் அறையில். அதன் மணியையும் கழற்றி வைத்துவிட்டோம். அதனால் கடிதம்தான் நமக்கு வழி. நீங்கள் அடிக்கடி எழுதுங்கள்.

என்ன வேலை என்று எப்போதும் கேட்பீர்கள். சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். கடலுக்கடியில் ஒரு கப்பலைக் காட்டிக்கொடுப்பது அதன் சத்தம்தான். அசல் கப்பலைக் கட்டிவிட்டுச் சத்தம் போடுகிறதா என்று பார்க்க முடியாது. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒன்றைச் செய்து, இந்த அணையின் ஆழத்தில் கம்பியால் இழுத்துக் கட்டி, பிறகு விட்டுவிடுவோம். அது தானாக மேலே எழும். மோட்டார் கிடையாது. அதன் உடம்பில் தண்ணீர் உரசும் ஓசையைச் சுற்றிலும் தொங்கவிட்ட மைக்குகள் பதிவு செய்யும்.

அந்த நேரத்தில் ஜெனரேட்டர் இல்லை, படகு இல்லை. சமையல்காரர் இஞ்சி தட்டக்கூடக் கூடாது. காவலர்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நிற்கிறார்கள். நீங்கள் இங்கே இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும். ஒருவரும் இரைந்து பேசுவதில்லை.

டிசம்பர் கடைசியில் முதல் சோதனை.

அன்பு மகன்,
தியோடர்


ஜோகுபாளையம்
10.12.1993

அன்புள்ள தியோவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தெளிவாக எழுதியிருந்தாய். கான்வென்ட்டில் எங்களுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பார்த்திருந்தால் எட்டு மதிப்பெண் போட்டிருப்பார். பத்து யாருக்கும் போடமாட்டார்.

இங்கே அல்சூர் ஏரியில் மறுபடியும் மீன் செத்து மிதக்கிறது. ஜன்னலைத் திறக்க முடியவில்லை. மாநகராட்சிக்கு எழுதினேன். 'பெறப்பட்டது' என்று ஓர் அட்டை வந்தது. அதில் எண்ணெய்க் கறை. அந்த அலுவலகத்தில் வடை தின்ற கையோடுதான் பதில் எழுதுவார்கள் போலிருக்கிறது.

ஒரு விஷயம். அப்பாதுரை நேற்று வந்தார். அரை மணி நேரம் வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். கடைசியில் சொன்னார்: "கிரேன்ல தூக்கறப்ப வால் பக்கம் கிணுக்னு ஒரு சத்தம் வந்துச்சும்மா. அப்பவே தம்பியாண்ட சொன்னேன். தொறந்து பாத்தாங்களான்னு ஒரு வார்த்த கேட்டு எழுதறீங்களா?"

என்ன சத்தம், எதனால் என்று கேட்டேன். "அது தம்பிக்குத் தெரியும்மா" என்று மட்டும் சொன்னார். எனக்கு மழுப்பல் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் மழுப்பினார். அதனால்தான் எழுதுகிறேன். திறந்து பார்த்தீர்களா? ஆம் அல்லது இல்லை என்று எழுது.

கிறிஸ்துமஸ் கேக் தனியாக அனுப்புகிறேன். தபால்காரன் நசுக்காமல் கொடுத்தால் அதிசயம்.

ஜெபங்களுடன்,
அம்மா


முகாம்
16.1.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். கேக் நசுங்காமல் வந்தது. முகாமே சாப்பிட்டது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே கடுமையான வேலை. எட்டு முறை விட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அது மேலெழும்போது பின்பக்கத்திலிருந்து ஒரு தட்டல் கேட்கிறது. உரசும் ஓசை எல்லாவற்றையும் அது மறைத்துவிடுகிறது. டெல்லியிலிருந்து இரண்டு பேர் வந்து மூன்று நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வேகத்தில் தானாகச் சுற்றும் சுழலி என்கிறார் ஒருவர், ரப்பர் உறை என்கிறார் மற்றவர். இரண்டையும் கழற்றி மாட்டிவிட்டோம். தட்டல் போகவில்லை. மார்ச்சில் மின்சாரத்துக்காகத் தண்ணீரை இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆழம் போதாது.

அப்பாதுரை ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. வேலை விஷயங்களை வெளியே பேசுவது விதிக்கு விரோதம். அவரிடம் நாசூக்காகச் சொல்லிவையுங்கள்.

அன்பு மகன்,
தியோடர்


ஜோகுபாளையம்
29.1.1994

தியோவுக்கு,

சுகம்.

ஆம் அல்லது இல்லை என்று கேட்டிருந்தேன். நீ இரண்டையும் எழுதவில்லை. பின்பக்கத்தில் தட்டல் கேட்கிறது என்கிறாய். பின்பக்கத்தில் சத்தம் கேட்டது என்று ஒருவர் மூன்று மாதம் முன்பே சொன்னார் என்கிறேன். டெல்லியிலிருந்து இரண்டு பேர் எதற்கு?

உன் அப்பா விமானத் தொழிற்சாலையில் ஒரு ஆணி சரியில்லை என்றால் இறக்கையையே இறக்கச் சொல்வார். அவருக்கு அங்கே நண்பர்கள் குறைவு. நினைவிருக்கட்டும்.

அம்மா


முகாம்
7.3.1994

அன்புள்ள அத்தைக்கு,

மௌரீன் எழுதுகிறேன். உங்கள் சுகத்தைப் பற்றி விவரமாக எழுதுங்கள். தைலம் போய்ச் சேர்ந்ததா? இவர் எழுதாததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஜனவரியிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. முகாமில் எல்லாரும் கிசுகிசு என்று பேசிப் பழகி, வீட்டுக்குள்ளும் அப்படியே பேசுகிறார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

போன மாதக் கடைசி ஞாயிறு, எல்லாரும் கீழே ஊருக்குப் போயிருந்தபோது, இவர் மட்டும் தனியாக வால்பகுதியைத் திறந்து பார்த்திருக்கிறார். மறுநாள் காரணம் கிடைத்துவிட்டது என்று சொன்னாராம். பொருத்தியவர்கள் சரியாக முடுக்காத ஒரு நட்டு கழன்று உள்ளே கிடந்ததாம். அவ்வளவு சின்ன விஷயம்! ஆனால் அதற்குள் தண்ணீரை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். இனி அடுத்த மழைக்குப் பிறகுதான் சோதனை. ஒரு வருடம் வீண். மேலிடத்தில் யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். ஜூனில் வர வேண்டிய பதவி உயர்வு இதனால் போய்விடுமோ என்று கவலைப்படுகிறார்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். துணி துவைக்கிறவள் இவருடைய அந்த ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் எடுத்துக் கொடுத்தாள். பள்ளமெல்லாம் கிரீஸும் குங்குமமும் அப்பி, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, நேற்று ஆலயத்தில் காணிக்கைப் பையில் போட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் முகம் வெளுத்துப்போயிற்று. ஒரு ரூபாய்க்கு இப்படியா என்று கேலி செய்தேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

நீங்கள் இவருக்கு ஆறுதலாக நாலு வரி எழுதுங்கள் அத்தை.

அன்புடன்,
மௌரீன்


ஜோகுபாளையம்
28.3.1994

தியோடருக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை.

மௌரீன் ஆறுதல் எழுதச் சொல்லியிருந்தாள். எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது காந்தா வந்தாள். ஷெட்டுக்குள் போக அப்பாதுரைக்குக் கொடுத்திருந்த வாயிற்சீட்டை ஒப்பந்தக்காரர் பிடுங்கிக்கொண்டார். நட்டை முடுக்கவில்லை, அரசாங்கத்துக்கு ஒரு வருட நஷ்டம் என்று விசாரணை வைக்கிறார்கள். குற்றம் உறுதியானால் இனி எந்த அரசாங்க ஷெட்டிலும் அவர் கால் வைக்க முடியாது. ஐம்பத்து நாலு வயதில் அவர் எங்கே போவார்?

"வால்ல போட்ட ஒவ்வொரு நட்டுக்கும் கம்பி போட்டு முறுக்கியிருக்காரும்மா, அது எப்டிக் கழலும்?" என்று காந்தா அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். சொல்லக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

ஆயுத பூஜை அன்று ஷெட்டில் பூஜை நடந்தது. திட்டத் தலைவர் என்று உன்னையே பூசணிக்காய் உடைக்கச் சொன்னார்கள். குங்குமமும் சில்லறையும் அடைத்த பூசணிக்காய். அதை வாசலில், வெளியே உடைப்பார்கள். நம் வீட்டில் இல்லாத வழக்கம் என்றாலும் இந்தத் தெருவில் வளர்ந்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம். தலைவர் எப்படிக் கேட்பது? கப்பலின் பின்னாலேயே நின்று, திறந்து கிடந்த வால்பகுதிக்குப் பக்கத்தில் ஓங்கிப் போட்டாய்.

காந்தா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வாசல்ல, வாசல்லன்னு இவரு ஓடறதுக்குள்ள ஆயிப்போச்சு. எல்லாரும் கைய தட்டிட்டாங்க. சில்லறையெல்லாம் உள்ள பூந்துச்சு. இவரு கைய விட்டுத் துழாவி எடுத்தாரு. அப்புறம் கிரேன்ல தூக்கறப்ப சத்தம் கேட்டு, ஒண்ணு உள்ள மாட்டிக்கினு கீது, தொறக்கட்டுமான்னு கேட்டாரு. போலீஸ் வண்டி நிக்குது, பேசாம சும்னே இருங்கன்னு தம்பி சொல்லிட்டாரு."

முன்பே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அப்பாதுரையைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி பூச பண்ணாருன்னு உங்க காதுல விழுந்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதாம்மா."

அவர் உன்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். என்னிடமிருந்து.

நீ பூசணிக்காய் உடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. உன்னோடு வேலை செய்தவர்கள் மரியாதையாக அழைத்தார்கள், நீ போனாய். தவறான இடத்தில் உடைத்தது அசட்டுத்தனம். அசட்டுத்தனத்தை மன்னிக்கலாம். உள்ளே நாணயம் என்று, தட்டல் கேட்ட ஜனவரியிலேயே உனக்குத் தெரியும். அதனால்தான் எல்லாரும் போகும்வரை காத்திருந்து தனியாகத் திறந்தாய். நாணயத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு நட்டை எடுத்துக் காட்டினாய். உன் மனைவி ஒன்றும் அறியாமல் அந்த நாணயத்தைக் கழுவிக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஏரி நாற்றத்துக்கு ஜன்னலை மூடிக்கொள்கிறேன். இதற்கு எதை மூடுவது?

நாணயம் என்று எழுதிக் கொடு. ஒரு வரி போதும்.

அம்மா


முகாம்
3.5.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வெயில் அதிகம் என்கிறார்கள்.

நீங்கள் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் நிலைமை தெரியாமல் பேசுகிறீர்கள். தேசத்தின் கப்பலைச் சோதிக்கும் இடத்தில் பூசணிக்காயால் ஒரு வருடம் போயிற்று என்றால் பத்திரிகைகள் சும்மா விடுமா? சிரித்தே திட்டத்தை மூடிவிடுவார்கள். முப்பது விஞ்ஞானிகளின் வேலை. நட்டு என்றால் அது தொழில்நுட்பக் கோளாறு, யாரும் சிரிக்கமாட்டார்கள். இதை நான் எனக்காக மட்டும் செய்யவில்லை.

அப்பாதுரையைக் கைவிடமாட்டேன். அத்திபெலேயில் என் நண்பர் ஒருவரின் தொழிற்சாலையில் வாயிற்காவல் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நிழலில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கும் வயதாகிவிட்டது.

மௌரீனுக்கு எதுவும் தெரியாது. தயவுசெய்து அவளுக்கு எழுத வேண்டாம்.

உங்கள் மகன்,
தியோடர்


ஜோகுபாளையம்
9.5.1994

தியோடருக்கு,

வெயிலை நான் தாங்கிக்கொள்கிறேன்.

முப்பது பேருக்காகச் செய்தேன் என்கிறாய். அந்த முப்பது பேரில் எத்தனை பேரைக் கேட்டுச் செய்தாய்? முதலில் பொய். பிறகு அதற்கு ஒரு தேசம், ஒரு திட்டம் என்று சட்டை மாட்டுகிறாய். படிக்கும்போது காகிதத்தைத் தொடவே எனக்குக் கூசியது.

வாயிற்காவல் வேலை. ஒரு மயிரிழை பிசகாமல் தகட்டை வளைக்கிற கைக்கு நீ தரும் வேலை, லாரி வந்தால் கேட்டைத் திறப்பது. அவருக்கு வயதாகிவிட்டது என்கிறாய். கிரேன் இரைச்சலுக்கு நடுவில் ஒரு நாணயம் அசைவதைக் கேட்ட காது அது. நீங்கள் லட்சக்கணக்கில் செலவழித்துத் தொங்கவிட்ட மைக்குகள் எட்டு முறை கேட்டும் என்னவென்று சொல்லவில்லை.

அத்திபெலே விஷயத்தை அவரிடம் சொன்னேன். மறைப்பது சரியல்ல என்பதால் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "வேலை போனா போவுது. என் கையில தப்புன்னு எழுதறாங்களே, அதான் தூக்கம் வரல" என்றார்.

மௌரீனுக்கு நான் எழுதவில்லை. அவளிடம் சொல்வது உன் வேலை. அதையும் நானே செய்ய வேண்டுமா?

விசாரணைக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

அம்மா


முகாம்
12.6.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். மழை ஆரம்பித்துவிட்டது.

அப்பாதுரை விஷயம் சுமுகமாக முடிந்துவிட்டது. அவரே மனமுவந்து தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார். வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், பெரிதாக ஒன்றும் வராது. ஜூலை நாலாம் தேதி விசாரணை வெறும் சம்பிரதாயம். இனி இதைப் பற்றி நாம் இருவரும் எழுதிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தியோடர்


ஜோகுபாளையம்
20.6.1994

தியோடருக்கு,

மனமுவந்து என்று எழுதியிருந்தாய். அப்பாதுரையைக் கூப்பிட்டு, ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீங்க சொன்னீங்கன்னுதானேம்மா போட்டேன்."

நீ ஜூன் ஐந்தாம் தேதி பெங்களூர் வந்திருக்கிறாய். இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் வீட்டுக்கு வரவில்லை. அவர் வீட்டில் பாயில் உட்கார்ந்து, காந்தா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, 'அம்மாதான் அனுப்பினாங்க, கையெழுத்துப் போட்டுட்டா எல்லாருக்கும் நல்லதுன்னு சொன்னாங்க' என்று சொல்லியிருக்கிறாய். அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னேன் என்ற ஒரு வார்த்தை அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

இந்தத் தெருவில் என்னைத் தொரசானி என்று கேலி செய்வார்கள். எனக்குத் தெரியும். கர்வம் பிடித்தவள் என்பார்கள். உண்மைதான். ஆனால் தொரசானி ஒரு வார்த்தை சொன்னால் அது அப்படியே இருக்கும் என்றும் அவர்களுக்குத் தெரியும். நாற்பது வருடம் அதைச் சேர்த்தேன். நீ அதைத் திருடி ஒரு ஏழை மனிதரின் மேல் உபயோகித்திருக்கிறாய். நாணயத்தை ஒளித்தாய், பொறுத்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை. உன் பெயரை எழுதும்போதே வாயில் துரு சுவைப்பது போலிருக்கிறது.

அப்படி நான் சொல்லவில்லை என்று அவர்கள் இருவரிடமும் சொல்லிவிட்டேன். காந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலாம் தேதி நான் அங்கே இருப்பேன்.

அம்மா


ஜோகுபாளையம்
7.7.1994

அன்புள்ள மௌரீனுக்கு,

நான் சுகம். உனக்கு இந்தக் கடிதம் அதிர்ச்சியாக இருக்கும். உட்கார்ந்து படி.

தியோடர் இன்னும் ஊரில்தான் இருக்கிறான், தன் நண்பன் வீட்டில். அவன் உன்னிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நான் எழுதுகிறேன். நீ சோப்புப் போட்டுக் கழுவிய நாணயம்தான் அந்தச் சத்தம். நட்டு எதுவும் கழலவில்லை. அவனே பூசணிக்காயை உடைத்தபோது உள்ளே விழுந்தது. அதை மறைத்துப் பழியை அப்பாதுரையின் மேல் போட்டான். உன்மேல் எந்தத் தவறும் இல்லை.

திங்கட்கிழமை அப்பாதுரையோடும் காந்தாவோடும் விசாரணை நடக்கும் அலுவலகத்துக்கு ஆட்டோவில் போனேன். வாயிலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். வந்த காரணம் என்ற இடத்தில் 'சாட்சி' என்று எழுதினேன். காவலன் படித்துப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

தியோடர் வந்தான். என்னைப் பார்த்ததும், "அம்மா, வீட்டுக்குப் போங்க. இது உங்க இடம் இல்ல" என்றான். அவனோடு வாதாட எனக்கு அருவருப்பாக இருந்தது. உன் மார்ச் மாதக் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன், மன்னித்துக்கொள். "என்கிட்ட இருக்கற ஒரே ஆதாரம் இதுதான். இப்போ உன்கிட்ட இருக்கு. உள்ள போய் நீயே சொல்லு" என்றேன். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

முக்கால் மணி நேரம் கழித்து அப்பாதுரை வெளியே வந்தார். என்ன என்று கேட்டேன். "தம்பி நட்டுன்னுதாம்மா சொன்னாரு. கையெழுத்து என் இஷ்டத்துல போடலன்னு நான் சொன்னேன். யாரும் காதுல வாங்கிக்கல."

கதவைத் தட்டவில்லை. திறந்துகொண்டு போனேன். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் யாரம்மா நீங்கள் என்றார். இந்த மேஜையில் பொய் சொன்னவனின் தாய் என்றேன். பூசணிக்காய், நாணயம், நட்டு, கையெழுத்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒருவர் பூசணிக்காய் என்றதும் சிரித்தார். நான் அவரைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டார்.

நடுவில் இருந்தவர் மரியாதையானவர். "உங்க கிட்ட ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்ல. இருந்தத இவன்கிட்ட குடுத்துட்டேன்" என்றேன்.

எல்லாரும் தியோடரைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பொய் சொன்னவள் ஆக்குவது அவனுக்கு எளிது. கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்வான் என்றே நான் நினைத்தேன். மௌரீன், பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்தேன்.

அவன் சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். "நாணயம்தான்" என்றான். அவ்வளவுதான். முகாமில் கிசுகிசு என்று பேசுவீர்கள் என்றாயே, அப்படி ஒரு குரலில்.

அவன் நல்லவனாகிவிட்டான் என்று நீ நினைக்க வேண்டாம். நானும் நினைக்கவில்லை. ஒன்பது மாதம் கழித்து, அம்மா எதிரில் நிற்கும்போது சொன்ன உண்மை அது. என் கசப்பு இன்னும் போகவில்லை. கடைசியில் சொன்னான் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன், அதுவும் நடந்தது என்பதால்.

திட்டத் தலைமையிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள். வேலையில் வைத்திருக்கிறார்கள், ஒரு படி கீழே. நீங்கள் மூட்டை கட்ட வேண்டியதில்லை. நீ தைரியமாக இரு. அவனிடம் கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவனுக்குச் சோறு போடாமல் இருக்காதே.

அப்பாதுரையின் கையெழுத்தை ரத்து செய்து, அவர் கண் முன்னாலேயே அந்தத் தாளைக் கிழித்தார்கள். வாயிற்சீட்டைத் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். மழைக்குப் பிறகு மறுபடி சோதனை. அதற்கு முன் வால்பகுதியை முழுதாகத் திறந்து பார்த்து மூட அவரைத்தான் அனுப்பச் சொல்லி நடுவில் இருந்தவரே எழுதியிருக்கிறார்.

பதினெட்டாம் தேதி காலைப் பேருந்தில் அவர் அங்கே வந்து சேருவார். ஜீப்பை அனுப்ப வேண்டாம். தியோடரே பஸ் நிலையத்துக்குப் போய் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரட்டும். அவர் தொழிலாளர் கொட்டகையில் தங்கக் கூடாது, உங்கள் வீட்டில் முன்னறையில் தங்குவார். மேஜையில் உட்காரச் சொல். முதலில் அவருக்குப் பரிமாறு. அவர் கூச்சப்படுவார், அதற்காக விட்டுவிடாதே. காரம் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிடுவார்.

அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு தியோடர் எனக்கு எழுதலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

அன்புடன்,
அத்தை